மேசைக்கு அடியில் ஒரு பிரேக்

சிலர் பிறக்கும்போதே கோபத்தோடு பிறக்கிறார்கள். பிரேக்கக்கா அப்படிப் பிறந்தவளில்லை. அவளுக்குக் கோபம் தொழிலால் வந்தது. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியில், காலையிலிருந்து மாலைவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் சாந்தசொரூபியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், ஒரே ஒரு நாள் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அவளுடையது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக் ஆபத்துக்கு மட்டும் என்றுதான் வண்டியைச் செய்தவன் நினைத்திருப்பான். இவளோ ஆபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே அதை மிதித்துவிடுவாள். நாயைக் கண்டால் மிதிப்பாள். நாய் வரக்கூடிய சந்துமுனையைக் கண்டாலும் மிதிப்பாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பிரேக்கக்கா. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கால் அப்படிப் பழகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து சினிமா பார்க்கும்போது கதாநாயகன் வேகமாக வளைவில் திரும்பினால், இவள் கால் தரையை அழுத்தும். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர், ஆண்டில் பாதி கடலில் கழியும். மீதிப் பாதியில் இவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குப் போய்வந்தால், "புயலே பரவால்ல, உன் கால் சத்தம் தாங்கல" என்று இறங்குவார்.

இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மதியமாவது காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம். அதுதான் இல்லை. வாரம் முழுக்கப் பிறத்தியார் உயிரை வாங்குவது போதாதென்று, ஞாயிறன்று பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையிலேயே நாலு பேரைக் கூட்டிவைத்து வேஷம் கட்டும் ஆட்டம் நடத்தினாள்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதையை நடத்துவார், அவருக்கு மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, இப்படி. "குகை வாசல்ல நிக்கறீங்க, உள்ளே ஏதோ உறுமுது, என்ன பண்றீங்க?" என்று மாஸ்டர் கேட்பார். அவரவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். எண் பெரிதாக விழுந்தால் பிழைத்தான், சிறிதாக விழுந்தால் தொலைந்தான். வேஷம் செத்தால் செத்ததுதான், புதிதாக இன்னொரு ஆளை உருவாக்கிக்கொண்டு வர வேண்டும், அல்லது எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

வகுப்பறைச் சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். ஒரு மூலையில் உள்பாகம் தெரியும்படி வெட்டி வைத்த எஞ்சின். பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த பொம்மை வண்டிகள்தான் ஆட்டத்துக்கும். லாரி என்றால் பூதம், மோட்டார் சைக்கிள் என்றால் ஓநாய். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், அவர்களை யார் பார்க்கச் சொன்னது?

ஆட வருகிறவர்களோ ஒவ்வொருவரும் ஒரு தினுசு.

முதலில் ஷரத்து. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு, ஏன் கொடுக்க முடியாது என்று பொடி எழுத்தில் இருக்கும் ஷரத்தைப் படித்துக் காட்டுவது அவர் தொழில், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஞாயிறன்று அதே வித்தையை இங்கே கொண்டுவந்து இறக்குவார்.

"அக்கா, ஒரு நிமிஷம். ஓநாய் தாவிடுச்சுன்னு சொன்னீங்க. நனைஞ்ச தரையில ஓநாய் அவ்வளவு தூரம் தாவ முடியாது. விதி அப்படித்தான் சொல்லுது."

"இது என் ஓநாய். என் தரை."

"தரை உங்களோடதுதான். விதி பொதுவானது."

அப்புறம் விதிப் புத்தகம் பிரிக்கப்படும். ஓநாய் அந்தரத்தில் நிற்கும். தேநீர் ஆறும்.

இரண்டாவது, பல் டாக்டர். பார்க்க அவ்வளவு சாது. சிரித்துக்கொண்டே பல்லைப் பிடுங்குகிறவள் அல்லவா, ஆட்டத்திலும் சிரித்துக்கொண்டே கூட்டாளிகள் மடியில் கைவைப்பாள். அவள் வேஷம் ஒரு திருடி. எதிரியிடம் திருடினால் யார் கேட்கப்போகிறார்கள்? அடிபட்டுக் கிடக்கும் ஷரத்துவின் பையிலிருந்து மருந்துக் குப்பியை உருவிக்கொள்வாள்.

"உயிருக்குப் போராடறவன் பையில கைவிடறியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா?" என்று பிரேக்கக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"நான் டாக்டர் இல்லக்கா, திருடி. என் ஆளோட சுபாவம் அப்படி. நான் என்ன பண்றது?"

சுபாவமாம். சுபாவத்தை உருவாக்கியதே இவள்தான்.

மூன்றாவது, போட்டோக்காரன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்த மறுநொடி கைப்பேசியில் மூழ்கிவிடுவான். அவன் முறை வரும்போது தட்டி எழுப்பினால், "இப்ப யாரு யாரை அடிக்கறாங்க?" என்பான். ஒருமுறை அவன் நிமிர்ந்து பார்த்தபோது மேசையில் எல்லோரும் பேச்சை நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு, "தாடி வச்சவன்தானே? வெட்டிட்டேன்" என்று பகடையை உருட்டினான். பாழாய்ப்போன பகடை இருபது காட்டியது. தாடி வைத்தவர் இவர்களுக்கு அரண்மனையும் குதிரைகளும் தர வந்த ராஜா. பிரேக்கக்கா அந்த ராஜாவுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து குலம் கோத்திரம், கோட்டை கொத்தளம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் குனிந்துகொண்டான்.

நான்காவது ஆள், அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாகச் சிக்கிக்கொண்டவர்களை இறக்கிவிடுகிறவன். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை இறக்க ஆள் பிறக்கவில்லை, அப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கன். எந்தக் கதையானாலும் அவன் வேஷம் ஒரே அச்சு: கறுப்புப் போர்வை, கன்னத்தில் தழும்பு, அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை, ஊர் இல்லை. கரும்போர்வை என்று பெயர். எல்லோரும் பூதத்தைப் பிடிக்கக் கிளம்பினால், அது சத்திரத்தின் இருட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"என்னப்பா, தனியா உட்கார்ந்துட்டே?" என்று பிரேக்கக்கா சத்திரக்காரரின் கட்டைக்குரலில் கேட்பாள். கதையில் வருகிற மற்ற எல்லோருக்கும் குரல் கொடுப்பது மாஸ்டர்தானே.

"கரும்போர்வை பதில் சொல்லல," என்பான் தம்பி பகடையைப் பார்த்தபடி.

வேறு எந்த மாஸ்டராக இருந்தாலும், "சேரமாட்டேன்னா எதுக்குடா ஆட வந்தே?" என்று கேட்டு விரட்டியிருப்பார். பிரேக்கக்கா கேட்கமாட்டாள். காரணம் இருந்தது. அந்த மேசையை விட்டால் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள உலகத்தில் வேறு இடம் கிடையாது.

அம்மா நோயில் விழுந்தபோது வந்த வினை அது. அறுவைச் சிகிச்சை செய்தால் அம்மா எழுந்து நடமாடலாம், அல்லது கண் விழிக்காமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார். "பண்ணிடலாம்" என்றாள் அம்மா. "அவங்க உடம்பு, அவங்க சொல்லட்டும்" என்றான் தம்பி. பிரேக்கக்கா ஒற்றைக் காலில் நின்று முடியாது என்றுவிட்டாள். டாக்டரிடமும் அவளே பேசினாள், அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்ததும் அவளே. அம்மா படுத்த படுக்கையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடந்து, ஒருநாள் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்த பிறகு தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நீ அம்மாவைக் காப்பாத்தல. நிறுத்தி வச்ச." அதற்குப் பிறகு அவளோடு அவன் பேசவில்லை.

பல் டாக்டர்தான் அவனை ஒருவழியாக மறுபடி மேசைக்கு இழுத்துவந்தாள். ஆட வருவேன், அக்காவோடு பேசமாட்டேன் என்பது அவன் போட்ட நிபந்தனை. சரி என்றார்கள். அன்றிலிருந்து தம்பி சத்திரக்காரரோடு பேசுவான், படகுக்காரரோடு பேசுவான், ராஜாவைப் பார்த்து வணக்கம் சொல்வான். அக்கா பிஸ்கட் தட்டை நீட்டினால் மட்டும் பல் டாக்டரைப் பார்த்து, "வேணாம்னு சொல்லிடுங்க" என்பான்.

ஆனால் அக்காவும் லேசுப்பட்டவளா? குடும்ப விவகாரத்தையெல்லாம் கதைக்குள் ஏற்றிவிட்டாள். அம்மா இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்த வாரம், காட்டுக்கு நடுவே கரும்போர்வையை ஒரு மரவெட்டி வழிமறித்து, "ஐயா, உங்க பழைய வீட்டுல பின்பக்கக் குழாய் ஒழுகுதாம், சுவரெல்லாம் ஊறிப்போச்சாம்" என்றான். கரும்போர்வைக்கு வீடே கிடையாது என்று ஷரத்து ஆட்சேபித்தார். மறுநாள் அந்த வீட்டு வாசலில் தம்பி அனுப்பிய குழாய்க்காரர் வந்து நின்றார். தம்பி இரண்டு வாரமாக இருமியபோது, போர்க்களத்தின் நடுவில் ஒரு வைத்தியர் முளைத்து, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்காமல் ஓர் அடி நகரக்கூடாது என்று கரும்போர்வையின் காலைப் பிடித்துக்கொண்டார். எதிரிப் படை காத்திருந்தது.

"அக்கா, இது எந்தக் காலத்துக் கதை? இதுல எக்ஸ்ரே எல்லாம் இருக்கா?" என்றான் போட்டோக்காரன்.

"நீ உன் கைப்பேசியைப் பாரு," என்றாள் அவள்.

ஆக, ஆடுகிறவர்கள் தொல்லை ஒரு பக்கம் என்றால், மாஸ்டர் தொல்லை இன்னொரு பக்கம். கிழக்கே போகிறோம் என்று நால்வரும் கிளம்பினால், கிழக்கே பாதை இடிந்திருக்கும். வடக்கே வெள்ளம். கடைசியில் அவள் எழுதி வைத்திருக்கும் கோட்டைக்கே வந்து நிற்க வேண்டும். கோட்டைக்குப் போகிற வழியில் சந்திக்கிற அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "பார்த்துப் போங்க, பத்திரம்." ஆட்டுக்காரன் சொல்வான், அரசி சொல்வாள். ஒருமுறை எதிரியே சொன்னான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கழுத்தறுப்பு அந்த மறைப்பு. இரண்டு பழைய சாலைக் குறியீட்டு அட்டைகளை ஒட்டித் தனக்கு முன்னால் நிறுத்தியிருப்பாள். ஆடுகிறவர்கள் பக்கம் 'முன்னால் வளைவு' படம் தெரியும். உயிர் போகக்கூடிய இடம் வந்தால் மட்டும் பகடையை மாஸ்டர்தான், அந்த மறைப்புக்குப் பின்னால், உருட்ட வேண்டும் என்று ஒரு விதியை அவளே போட்டுக்கொண்டாள். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஷரத்து தலைகீழாக நின்று பார்த்தார். அவள் மசியவில்லை. பகடை உருளும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்ப்பாள். "தப்பிச்சுட்ட" என்பாள். மலையிலிருந்து விழுந்தார்கள், நெருப்பில் நடந்தார்கள், முதலை வாய்க்குள் போய்வந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஞாயிறு கரும்போர்வை ஒரு கோப்பை நஞ்சைத் தெரிந்தே எடுத்துக் குடித்தான். மேசையே அரண்டுபோனது. "எதுக்கு?" என்றாள் பல் டாக்டர். "தாகம்," என்றான் தம்பி. பிரேக்கக்கா மறைப்புக்குப் பின்னால் உருட்டினாள். விழுந்தது இரண்டு. இவன் செத்தால் புது ஆள் உருவாக்க மாட்டான், எழுந்து போய்விடுவான், அத்தோடு எல்லாம் முடிந்தது. "பழைய நஞ்சு. வேகம் போயிடுச்சு. தப்பிச்சுட்ட," என்றாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்தான், பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பல் டாக்டர் போன் பண்ணினாள். பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி முனகுவது கேட்டது.

"அக்கா, உங்க தம்பி வர்ற ஞாயிறோட நிறுத்திக்கறாராம். இது ஏமாத்து ஆட்டமாம்."

"யார் ஏமாத்தறது? பார்த்தானா அவன்?"

"பார்க்க வேண்டாம்கா. உங்க கால் சொல்லிடுது. நீங்க பொய்யா 'தப்பிச்சுட்ட'ன்னு சொல்றப்பல்லாம் மேசைக்கு அடியில கால் தரையை ஓங்கி மிதிக்குது. செருப்பு சத்தம் நல்லா கேட்கும்."

"உனக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்கா. போட்டோக்காரனுக்கே தெரியும்."

பிரேக்கக்காவுக்கு மானமே போயிற்று. போனை வைத்துவிட்டுத் தன் வலது காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வண்டியில் ஏறியவர்கள் பாடு திண்டாட்டம். யார் எதைச் செய்தாலும் எரிந்து விழுந்தாள். பொய் சொன்னால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால் கரும்போர்வை சாவான், அப்போதும் தம்பி போய்விடுவான். எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டுச்சந்து.

வாரக் கடைசியில் இன்னொரு கூத்து. அவளிடம் மாதக்கணக்காகக் கற்றுக்கொண்ட வங்கிக்காரம்மா ஓட்டுநர் தேர்வில் தோற்றுப்போய் வந்து நின்றாள். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நேராகப் போய்த் தடுப்புக் கூம்பை ஏற்றிச் சாய்த்திருக்கிறாள்.

"பிரேக் எங்க இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று சீறினாள் பிரேக்கக்கா. "நாக்கு வறள வறளச் சொல்லிக்கொடுத்தேனே!"

"தெரியும் மேடம். ஆனா மிதிக்கணும்னே தோணல," என்றாள் அந்த அம்மா பாவமாக. "நீங்க பக்கத்துல இருந்தா அது தானா நின்னுடுமே. அதையே எதிர்பார்த்துட்டு இருந்துட்டேன்."

பிரேக்கக்கா அந்த அம்மாவைத் திட்ட வாயெடுத்தாள். பார்வை தன் வலது காலில் போய் நின்றது. "நாளைக்குக் காலையில வாங்க, காசு வேண்டாம், மறுபடி முதல்லேர்ந்து," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அந்த அம்மாவோடு வண்டியில் போனபோது, பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. வங்கிக்காரம்மா அலறினாள், ஆனால் மிதித்தாள். வண்டி நின்றது. பிரேக்கக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஞாயிறு வந்தது. எல்லோரும் வந்தார்கள், தம்பியும் வந்தான். கடைசி நாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே எல்லோரும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் யாரிடமும் எதையும் திருடவில்லை. ஷரத்து புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

கதையில் அவர்கள் ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. கயிற்றுப் பாலம். பின்னால் ஓநாய்க் கூட்டம், மேசையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பாதை காட்டிக்கொண்டு கூடவே வந்த வழிகாட்டியம்மா, அதாவது பிரேக்கக்காதான், வழக்கம்போல "பார்த்துப் போங்க, பத்திரம்" என்றாள். மூவரும் தாண்டினார்கள்.

"கரும்போர்வை தாண்டல," என்றான் தம்பி. "ஓநாய் பக்கமே நிக்கறான். கயித்தை வெட்டறான்."

"அடேய், வெட்டிட்டு நீ எப்படி இந்தப் பக்கம் வருவே?" என்று பதறினான் போட்டோக்காரன். அவன் கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது.

"அறுந்த கயித்தைத் தாவிப் பிடிப்பான். பிடிச்சா உண்டு."

விதிப்படி பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். பிரேக்கக்கா பகடையை எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். இனிப் பொய் சொல்வதில்லை என்று எடுத்திருந்த சங்கற்பமெல்லாம் காற்றில் பறந்தது. அறுந்த கயிறு கிளையில் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"வழிகாட்டியம்மா," என்றான் தம்பி. "ஒண்ணு கேட்கலாமா?"

அவள் தொண்டையைச் செருமி வழிகாட்டியின் குரலை வரவழைத்தாள். "கேளு."

"என் உயிர் யாரோடது?"

"இதென்ன கேள்வி? உன்னோடதுதான்."

"அப்ப என்ன விழுதுன்னு நான் என் கண்ணால பார்க்கணும். நல்லதோ கெட்டதோ. எங்க அம்மாவும் இதைத்தான் கேட்டாங்க."

"கரும்போர்வைக்குத்தான் அம்மா கிடையாதே," என்றான் போட்டோக்காரன், வாழ்நாளில் முதல்முறையாகக் கவனமாகக் கேட்டவனாய். பல் டாக்டர் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

பிரேக்கக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் கேட்கிறானே என்று ஆத்திரம். கேட்டது நியாயம் என்பதால் அதைவிட ஆத்திரம். மறைப்பு அட்டையை இழுத்து மடக்கித் தரையில் போட்டாள். அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் இப்போது அவள் முழுசாகத் தெரிந்தாள். கையிலிருந்த பகடையைக் குலுக்கியபோது செருப்புச் சத்தம் கேட்டது. கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

செருப்பைக் கழற்றி உதறினாள். இரண்டு காலையும் மேலே தூக்கி, நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறகு உருட்டினாள்.

சனியன் பிடித்த பகடை. மேசையில் நேராக உருள வேண்டியதுதானே? லாரியில் மோதி, எகிறி, விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து எங்கோ உருண்டோடியது. போட்டோக்காரன் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்ன விழுந்திருக்கு? சொல்லித் தொலையேன்," என்றாள் பிரேக்கக்கா.

"மூணு," என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஷரத்து சட்டென்று நிமிர்ந்தார். பையிலிருந்து புத்தகம் வெளியே வந்தது. ஆனால் பிரிக்காமலே பேசினார், மனப்பாடம். "அக்கா, மேசையை விட்டு விழுந்தது செல்லாது. விதிப்படி மறுபடி உருட்டலாம். இது என் சௌகரியத்துக்குச் சொல்லல. நிஜமாவே விதி." அவர் குரல் கெஞ்சியது. இழப்பீடு தர ஒரு வழி தேடி அந்த மனிதர் பொடி எழுத்தைப் புரட்டியது அன்றைக்குத்தான் இருக்கும்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தம்பி மேசையைப் பார்த்தான். இது பொய்கூட இல்லை, புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. அவள் சம்மணமிட்டிருந்த கால் துடித்தது. கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றாள். "விழுந்தது விழுந்ததுதான்."

அப்புறம் மாஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கயிறு கைக்கு எட்டவில்லை என்றாள். கறுப்புப் போர்வை மட்டும் காற்றில் விரிந்து, கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு தெரியாமல் போனது என்றாள். ஓநாய்கள் விளிம்பில் நின்று கீழே பார்த்தன என்றாள். வழக்கமாக ஒரு கோட்டை வாசலை வர்ணிக்கவே தேநீர் ஆறிப்போகும் அளவுக்குப் பேசுகிறவள், அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அம்மா போனபோது அழாத அழுகை இப்போது வந்தது. யாரும் அவளைத் தேற்றவில்லை, அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

தம்பி தன் பக்கத்துப் பொம்மை வண்டியை எடுத்தான், கறுப்பு ஜீப், அதுதான் இத்தனை நாளும் கரும்போர்வை. சக்கரத்தை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டு, மேசையின் ஓரத்தில் தனியாக வைத்தான். எழுந்திருப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பையைத் திறந்தான். மூடினான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"அக்கா," என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழிகாட்டியம்மா இல்லை, சத்திரக்காரர் இல்லை. பல் டாக்டரைப் பார்த்துச் சொன்னதும் இல்லை.

"என்னடா?"

"புது ஆள் ஒருத்தன் உருவாக்கணும்."

"மறுபடி கறுப்புப் போர்வையா? மறுபடி மூலையில உட்கார்ந்துக்கவா? என்னால முடியாதுடா, சொல்லிட்டேன்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வாய் தன் பாட்டுக்குத் திட்டியது.

"இல்ல. இவனுக்கு ஒரு அக்கா இருக்கா," என்றான் தம்பி. "எல்லாத்துலயும் மூக்கை நுழைப்பா. உயிரை வாங்குவா. அவளை நினைச்சாலே இவனுக்கு எரிச்சல் எரிச்சலா வரும். ஆனா இருக்கா."

ஷரத்துதான் மெல்லச் சொன்னார், "விதிப்படி சொந்தக்காரங்களை எல்லாம் மாஸ்டர்தான் நடத்தணும்."

"வேற யாரு நடத்துவாங்க?" என்றான் தம்பி.

பிரேக்கக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாள். கட்டைக்குரலும் வரவில்லை, கீச்சுக்குரலும் வரவில்லை, அவள் குரல்தான் வந்தது. "அவ இப்ப எங்க இருக்கா?"

"பக்கத்து ஊர்லதான். ரொம்ப நாளா அந்தப் பக்கம் போகல. போய்ப் பார்க்கலாம்னு கிளம்பறான்."

"எப்போ?"

"அடுத்த ஞாயிறு. சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சாத்தான் உண்டு. எப்பப் பார்த்தாலும் நீ லேட்," என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அதற்குள் பல் டாக்டர் ஓரத்தில் கிடந்த கறுப்பு ஜீப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். "செத்தவனோட உடைமைங்க யாருக்குன்னு..." என்று அவள் தொடங்க, ஷரத்து புத்தகத்தைப் பிரிக்க, மேசைக்கு அடியிலேயே கைப்பேசியில் மூழ்கிவிட்ட போட்டோக்காரன், "அக்கா, யாரு செத்தது?" என்று கேட்க, பிரேக்கக்கா மூன்று பேரையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். சம்மணமிட்ட கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவற்றைக் கீழே இறக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.